விருச்சிகத்துக்கு ஒரு சொல்

“என் மகன் எங்கம்மா இருக்கான்?”

மலை ஏறி வந்த மனிதர் கும்பிடக்கூட இல்லை. செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

சுனையம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

“தண்ணி குடிச்சீங்களா?”

“இல்ல.”

“சுனை அந்தப் பக்கம் இருக்கு.”

அவர் போகவில்லை. பதில் கிடைக்காமல் நகரமாட்டேன் என்பதுபோல நின்றார். சுனையம்மாவும் அவசரப்படவில்லை. ஆடு தழையை மென்றது.

சுனையம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று யாருக்கும் தெரியாது. மலைச்சரிவில் ஒரு சுனை, அதன் பக்கத்தில் ஓட்டுக் கொட்டகை, ஒரு ஆடு. அவ்வளவுதான் மடம். கேள்வியோடு ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு இறங்குவார்கள். மீதிப் பேர் பேசாமல் இறங்குவார்கள்.

வந்தவர் பெயர் சோலையப்பன். வயது அறுபதைத் தாண்டியவர். பட்டாசும் காலண்டரும் செய்கிற ஊர்க்காரர். காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே மகன் கதிரேசன், பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலைக்குப் போனான்.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மருந்து கலக்கும் அறை வெடித்தது.

உள்ளே இருந்தவர்களில் யார் யார் என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு குடும்பமாக அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்தார்கள். பரிசோதனை முடிவு வந்ததும் அவரவர் உடலை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஓர் உடல் மிஞ்சியது. வீடு திரும்பாதவனும் ஒருவன்தான் மிஞ்சினான்.

பச்சைப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு இது. சோலையப்பனுக்கும் விளங்கியிருக்கும். விளங்கியதால்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மலை ஏறியிருந்தார்.

“ஆஸ்பத்திரியில ஒரு உடம்பு இருக்குன்னு இங்க வந்தவங்க சொன்னாங்களே,” என்றார் சுனையம்மா.

“அது அவன் இல்ல.”

“ரத்தம் குடுத்துப் பாத்தீங்களா?”

“எதுக்குக் குடுக்கணும்? அது அவன் இல்லன்னு எனக்குத் தெரியும். அத்தாட்சி வச்சிருக்கேன்.”

“காட்டுங்க.”

சோலையப்பன் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் காட்டுங்கள் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. துணிப்பையைத் தரையில் கவிழ்த்தார். வெட்டி எடுத்த பேப்பர் துண்டுகள், பஸ் டிக்கெட்டுகள், காலண்டர் தாள்கள் என்று ஒரு குவியல் விழுந்தது. ஆடு எட்டிப் பார்த்தது. சுனையம்மா அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“அவன் பொறந்தது வெள்ளிக்கிழமை. கல்யாணம் நடந்தது வெள்ளிக்கிழமை. வெடிச்சதும் வெள்ளிக்கிழமை. எங்க அக்கா பேச்சியம்மாதான் இதை முதல்ல கண்டுபிடிச்சா.”

“வெள்ளி வாரத்துக்கு ஒண்ணு வருது.”

சோலையப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பேப்பரை விரித்தார்.

“வெடிச்ச மறுநாள் பேப்பர் இது. முதல் பக்கத்துல விபத்துச் செய்தி. காணாமப் போனவங்க பட்டியல்ல கதிரேசன். இப்ப கடைசிப் பக்கத்தைப் பாருங்க. தூத்துக்குடியில கடல்ல விழுந்த பிள்ளையைக் காப்பாத்துன வாலிபர். பேரு என்ன? கதிரேசன்! ஒரே பேப்பர், ஒரே பேரு. முன்பக்கம் காணாமப் போனவன் பின்பக்கம் உசுரோட இருக்கான்.”

“போய்ப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“யாரு?”

“அது வேற கதிரேசன்.”

“என்ன சொன்னாரு?”

“டீ வாங்கிக் குடுத்தாரு.” சோலையப்பன் அந்தப் பேப்பரை மடித்து அடியில் வைத்தார். “அடுத்தது. நினைவு தப்பிப் போன வாலிபர் ஒருத்தர், ரயில்வே ஸ்டேஷன்ல. இவன் வயசு, இவன் உயரம். அதுவும் வெள்ளிக்கிழமை வந்த செய்தி.”

“அங்கயும் போனீங்களா?”

“போனேன். அந்தப் பையனுக்கு இந்திதான் வருது.”

“வேற?”

“ஆஸ்பத்திரியில அந்த உடம்புக்கு நம்பர் கட்டி வச்சிருக்காங்க. பதினேழு. எங்க வீட்டுக் கதவு நம்பரும் பதினேழு.”

“அப்ப அது உங்க வீட்டு உடம்புன்னுல்ல ஆகுது?”

“அதான் இல்ல! அவ்வளவு பச்சையா எழுதிக் காட்டுவாங்களா? என்னை ஏமாத்தப் பாக்குறாங்க.”

“யாரு?”

யார் என்று அவர் யோசித்திருக்கவில்லை. பொருந்தி வந்தால் அத்தாட்சி, பொருந்தாவிட்டால் சோதனை. எப்படிப் போட்டாலும் நஷ்டம் வராத வியாபாரம் அவருடையது.

“எல்லாத்தையும் விடுங்கம்மா. இது ஒண்ணு போதும்.”

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தினசரி காலண்டர் தாளை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, வியர்வையில் நைந்த தாள். வெடித்த நாளின் தேதி அதில் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ராசி பலன், ராசிக்கு ஒரு சொல்.

“படிங்க. விருச்சிகம். அதான் அவன் ராசி.”

சுனையம்மா படித்தார். “தாமதம்.”

“தாமதம்! தாமதம்னா என்னம்மா? வருவான், நேரமாகும். அவ்வளவுதானே? சாவுன்னு போடலையே!”

“காலண்டர்ல சாவுன்னு போடுவாங்களா?”

“போட மாட்டாங்க,” என்று சொல்லிவிட்டுத் தாளை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் கொட்டகைச் சுவர் அவர் கண்ணில் பட்டது. அங்கேயும் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. எழுந்து அதன் அருகே போனார்.

“அம்மா, இன்னிக்கு ஆடி மாசம்.”

“ஆமா.”

“உங்க காலண்டர் புரட்டாசியில நிக்குது. புரட்டாசி அஞ்சு. என் மகன் பொறந்த நாளும்மா இது!” குரல் உடைந்தது. “என்னை இங்க வரவழைச்சதே இதுக்குத்தான். இந்தத் தேதியில இதை நிறுத்தி வச்சது யாரு?”

“ஆடு.”

“என்னது?”

“தாழ்வா மாட்டிட்டேன். அதுவரைக்கும் தின்னுருச்சு. அப்புறம் மேல ஏத்திக் கட்டினேன்.”

சோலையப்பன் ஆட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் பயபக்தி இருந்தது என்று சொன்னால் யாரும் சிரிக்கக்கூடாது. பிள்ளையைத் தேடுகிறவன் ஆட்டிடமும் கேட்பான்.

“இது எந்த ஊர்ல அச்சடிச்ச காலண்டர்?” என்று கேட்டார் சுனையம்மா.

“எழுத்தைப் பாத்தாலே தெரியுதே. எங்க பிரஸ்தான்.”

“அங்க உங்களுக்கு என்ன வேலை?”

“தினசரித் தாளுக்கு விஷயம் சேக்குற வேலை. திதி, நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் ஜோசியர் கணிச்சு எழுதிக் குடுத்துருவாரு.”

“ராசி பலன்?”

“ஆரம்பத்துல அவரே குடுத்தாரு. வயசாயிருச்சு, முடியலன்னாரு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, நீயே எதையாவது போட்டு ஒப்பேத்துன்னாரு.”

“என்ன போடுவீங்க?”

“சுகம், வரவு, பயணம், பொறுமை, அலைச்சல், ஆதரவு... இப்படிக் கொஞ்சம் வார்த்தை கைவசம் இருக்கும். மாத்தி மாத்திப் போடுவேன். நேத்து வந்தது இன்னிக்கு அதே ராசிக்கு வரக்கூடாது. பக்கத்துப் பக்கத்துலயும் வரக்கூடாது. அதை மட்டும் பாத்துக்கிட்டா போதும்.”

“அந்த வெள்ளிக்கிழமை விருச்சிகத்துக்குத் தாமதம்னு போட்டது யாரு?”

“நான்தான்.”

“எதுக்குப் போட்டீங்க?”

சோலையப்பன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த இடம் காலியா இருந்துச்சு.”

வேறு யாராவது என்றால் அந்த நிமிடமே மலை இறங்கியிருப்பார்கள். சோலையப்பன் இறங்கவில்லை. சட்டென்று திரும்பினார். கண்கள் மின்னின. பார்க்கவே பயமாக இருந்தது.

“அதானேம்மா விஷயமே! அதை நானா போட்டேன்? போட வச்சிருக்கு! போன வருஷமே என் கையைப் பிடிச்சு, உன் பிள்ளை வருவான், கொஞ்சம் தாமதம்னு எழுத வச்சிருக்கு! பெத்தவன் கையாலயே!”

சுனையம்மா வாதாடவில்லை. உள்ளே போய் ஒரு முறத்தில் அரிசி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“கல் பொறுக்குங்க. ராத்திரிச் சோத்துக்கு வேணும்.”

“என் கேள்விக்குப் பதில்?”

“கல்லுக்கு அப்புறம்.”

அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் சுனையம்மா ஒரு பிடி சோற்றைப் பாறை மேல் வைத்தார். ஒரு காக்கை எங்கிருந்தோ வந்து இறங்கிக் கொத்தியது. அரிசி களைந்துகொண்டிருந்த சோலையப்பன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“வச்சதும் வந்துருச்சு. என் வீட்டுக்காரிதான் வந்திருக்கா. மகனைப் பத்தி ஏதோ சொல்ல வந்திருக்கா. இதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“பசி.”

“யாருக்கு?”

“காக்காய்க்கு.”

அன்று மத்தியானம் அடிவாரத்துக் கடைக்காரர் ஒருவர் பக்கோடா வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். சோலையப்பன் பக்கோடாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதைச் சுற்றியிருந்த எண்ணெய்ப் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார்.

“அம்மா! பல வருஷம் கழிச்சு வீடு திரும்பின மகன்னு செய்தி. பாதிதான் இருக்கு. மீதி கிழிஞ்சிருச்சு. கடைக்காரர் மீதிப் பேப்பரை வச்சிருப்பாரா?”

“ஆறிப் போகுது. சாப்பிடுங்க.”

அவர் சாப்பிடவில்லை. கிழிந்த பாதியைத் தேடி மலை இறங்கிப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அவர் பின்னால் ஒரு பெண் ஏறி வந்தாள். கடைவாசலில் வைத்து அவரைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

மாரிக்கனி. கதிரேசனின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை, பொட்டு வைத்து அழித்த தடம் இருந்தது. வைப்பதா வேண்டாமா என்று தினமும் கண்ணாடி முன்னால் நின்று பாதியில் கைவிடுகிற நெற்றி அது.

“மாமா, வீட்டுக்கு வாங்க.”

“அவன் வரட்டும் தாயி. அவனோட வாறேன்.”

“மாசக் கடைசிக்குள்ள யாரும் ரத்தம் குடுக்க வரலன்னா, அநாதைப் பொணம்னு எழுதி அவங்களே பொதைச்சிருவாங்களாம். நான் குடுக்குறேன்னு கேட்டேன். பொண்டாட்டி ரத்தம் உதவாதுன்னுட்டாங்க. பெத்த தாயோ தகப்பனோ வரணுமாம். அத்தை இல்ல. கூடப் பொறந்தவங்களும் இல்ல. நீங்க மட்டும்தான் இருக்கீங்க.”

“அது அவன் இல்ல தாயி.”

“இல்லன்னா இல்லன்னு தெரியட்டுமே மாமா.”

சோலையப்பன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். “தாமதம்னு போட்டிருக்கு. நீதான் படிச்சியே.”

மாரிக்கனி அந்தத் தாளை வாங்கவில்லை. பாறையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

“நான் ஆஸ்பத்திரியில அந்தப் பொண ரூம் வாசல்ல போய் உக்காந்துட்டு வாறேன் மாமா. விடிஞ்சா பஸ் ஏறிப் போயிருவேன். காவலுக்கு இருக்கவரு முதல்ல விரட்டுனாரு. இப்ப விரட்டுறதில்ல. உள்ள கிடக்கது என் வீட்டுக்காரர்னா நான் அழணும். இல்லன்னா அழக்கூடாது, அழுதா அவருக்கு ஆகாது. எதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.”

சோலையப்பன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“எனக்கு அழணும் மாமா. அதுக்காவது வாங்க.”

ஆடு கத்தியது. சோலையப்பன் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். “பாத்தியா, நீ கேட்டதும் கத்துது,” என்று சொல்லத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாரிக்கனி எழுந்தாள். சுனையம்மாவைக் கும்பிட்டாள்.

“கடைசி பஸ் வரைக்கும் அடிவாரத்துல இருப்பேன்,” என்று யாரிடமும் சொல்லாதது போலச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவள் போனபிறகு சுனையம்மா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தார்.

“உங்க கையைப் பிடிச்சு எழுத வச்சதுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்ப இன்னிக்கும் எழுத வைக்கும். இந்தப் பாறையில நாளைக்கான ராசி பலனை எழுதுங்க. என்ன வருதுன்னு பாத்துருவோம்.”

சோலையப்பன் கரியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். இவ்வளவு எளிய வழி தனக்குத் தோன்றவில்லையே என்றுகூட நினைத்திருப்பார். பாறையை உள்ளங்கையால் துடைத்தார். முதலில் ராசிப் பெயர்களை வரிசையாக எழுதி முடித்தார். பிறகு சொற்களுக்கு வந்தார்.

மேஷம், சுகம். ரிஷபம், வரவு. மிதுனம், பயணம். கை தானாக ஓடியது. கடகம், பொறுமை. சிம்மம், வெற்றி. யோசிக்கவே இல்லை. கன்னி, அலைச்சல். துலாம், ஆதரவு.

விருச்சிகம்.

கை நின்றது.

“அதை அப்புறம் பாப்போம். மத்ததை முடிங்க,” என்றார் சுனையம்மா.

தனுசு, நட்பு. மகரம், செலவு. கும்பம், நிம்மதி. மீனம், பக்தி. கை மறுபடியும் ஓடி முடித்தது.

விருச்சிகத்துக்குத் திரும்பி வந்தார். ‘வருகை’ என்று எழுதினார். பார்த்தார். உள்ளங்கையால் அழித்தார். ‘சுகம்’ என்று எழுதி, அதையும் அழித்தார். ‘தாமதம்’ என்று எழுதப் போய் முதல் எழுத்திலேயே நிறுத்தி அழித்தார். உள்ளங்கை முழுக்கக் கரியாகிவிட்டது.

“எழுதுங்க,” என்றார் சுனையம்மா.

“வரல.”

“இத்தனை வருஷமா நிக்காத கை, இப்ப ஏன் நிக்குது?”

வெயில் பாறையை விட்டு இறங்கியது.

“அப்பல்லாம் யாருக்கு எழுதுறேன்னு தெரியாது.”

“இப்ப தெரியுதா?”

“தெரியுது.”

சுனையம்மா அவர் எதிரில் உட்கார்ந்தார். குரல் தாழ்ந்தது.

“உங்க மகன் எங்கய்யா இருக்கான்?”

சோலையப்பன் அந்தக் காலி இடத்தையே பார்த்தார். உதடு கோணியது.

“ஆஸ்பத்திரியில.”

அவர் பையை எடுக்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சரிவில் வேகமாக இறங்கினார். கடைசி பஸ் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்தத் துணிப்பை கொட்டகை ஓரத்திலேயே கிடந்தது. ஆடு அதைக் காலி பண்ணியது.

அவர் ரத்தம் கொடுத்தார். முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. வந்த முடிவு ஊருக்கே முன்கூட்டித் தெரிந்த முடிவுதான். துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்க்க வேண்டாம் என்றார்கள். அவ்வளவு பெரிய பிள்ளை, கையில் வாங்கும்போது கனமே இல்லை. அதை வாங்கியபோதும் சரி, தீ வைத்தபோதும் சரி, சோலையப்பன் வாயைத் திறக்கவில்லை. யார் துக்கம் விசாரித்தாலும் தலையை மட்டும் ஆட்டினார். பாறையில் காலியாக விட்டுவந்த அந்த ஒரு சொல்லை அவர் இன்னும் சொல்லவில்லை.

காரியத்தன்று கண்மாய்க்கரையில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். சடங்கெல்லாம் முடிந்து, இலையில் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார்கள்.

காக்கை வரவில்லை.

வேலிமரத்தில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. இலையை அவை பார்த்தன. இறங்கவில்லை. ஆளாளுக்குக் கா கா என்று கூவினார்கள். அசையவில்லை.

“அவனுக்கு ஏதோ குறை இருக்கு,” என்றார் ஒருவர்.

“இத்தனை மாசம் ஆஸ்பத்திரியில போட்டு வச்ச கோபம்,” என்றார் இன்னொருவர்.

“கதிரேசா, என்ன குறைன்னாலும் நிவர்த்தி பண்ணிருவோம்யா, வந்து சாப்பிடு,” என்று ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

இலையில் சோறு காய்ந்தது. ஈ மொய்த்தது. கூட்டம் முணுமுணுத்தது. மாரிக்கனி ஓரமாக மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி மூன்று பெண்கள் இருந்தார்கள். உடல் கைக்கு வந்த நாளிலிருந்து அவளால் அழ முடியவில்லை. அழ ஆரம்பிக்கும்போதெல்லாம் யாராவது எதையாவது சொன்னார்கள்.

இப்போது பேச்சியம்மாள் சொன்னார். சோலையப்பனின் அக்கா.

“எப்படி வரும்? கல்யாணம் நடந்தது வெள்ளிக்கிழமை. வெடிச்சதும் வெள்ளிக்கிழமை. இவ கால் வச்ச நேரம், என் தம்பி வீடு விளங்காமப் போச்சு. இவ இங்க உக்காந்திருக்க வரைக்கும் அது இறங்காது.”

எல்லோரும் மாரிக்கனி பக்கம் திரும்பினார்கள். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எழுந்து போய்விடுவதா என்று யோசிப்பதுபோல மாரிக்கனி ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

“நீ சொல்லு தம்பி,” என்றார் பேச்சியம்மாள். “காலண்டர் போட்டவன் நீ. நாள் கிழமை எல்லாம் தெரிஞ்சவன். நான் சொல்றது சரியா இல்லையா?”

சோலையப்பன் மழித்த தலையோடு, ஈர வேட்டியோடு நின்றார். அக்காவைப் பார்த்தார்.

“வெள்ளி வாரத்துக்கு ஒண்ணு வருதுக்கா.”

“அப்ப காக்கா ஏன் வரல? அதுக்கு என்ன அர்த்தம்?”

அவர் வேலிமரத்தைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். அவர் உதடுகள் லேசாக அசைந்தன. பழைய பழக்கம், ஒரு சொல்லைத் தேடின. சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அவர் என்ன போட்டாலும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

“அதுக்குப் பசி இல்ல,” என்றார்.

பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மருமகள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். அவள் வாயில் அடைத்திருந்த முந்தானையை மெதுவாக இழுத்து எடுத்தார்.

“கதிரேசன் செத்துப் போயிட்டான் தாயி. நீ அழு.”